பிடிக்காத பக்கம்

டெல்லி கரோல் பாகில் நாங்கள் குடியிருந்த வீட்டு மொட்டை மாடியில், குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில், எட்டாவது ஒன்பதாவது படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மேடைப் பேச்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் கடைசி அது. வாரம் பூராவும் அரசு அலுவலகத்தில் ஃபைல் தள்ளுகிறவளுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டவர்கள் உண்டு. இளவெயிலில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு பிள்ளைகள் வாதாடுவதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. வேறு காரணம் கிடையாது.

எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் அப்பாக்கள் எழுதிக்கொடுத்த பேச்சைப் பிள்ளைகள் ஒப்பிப்பதுதான் வழக்கம். தமிழ் படிக்கத் தெரியாததால் அதை இந்தி எழுத்தில் எழுதிவைத்து உருப்போடுவார்கள். நடுவில் ஒரு வரி மறந்தால் மொத்தமும் போச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் மாடிக்குக் காகிதத்தோடு யாரும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அதோடு, எந்தப் பக்கம் பிடிக்கவில்லையோ அந்தப் பக்கம்தான் பேச வேண்டும். பிடித்ததைப் பேசப் பயிற்சி எதற்கு?

அந்த வருஷம் விழாக் குழு கொடுத்த தலைப்பு, டெல்லிப் பிள்ளைகள் இங்கேயே படிக்கலாமா, ஊருக்குப் போய்ப் படிக்க வேண்டுமா என்பது. ஊர் என்றால் லீவு என்று நினைத்த சிலர் ஊருக்குக் கை தூக்கினார்கள். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி டெல்லிக்குத்தான் என்று எம்பி எம்பிக் கை தூக்கினாள். அவளை ஊர்ப் பக்கம் போட்டேன்.

மற்றவர்கள் போனபின் அவள் மட்டும் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றாள்.

"ஆண்ட்டி, சைடு மாத்திக் குடுங்க, ப்ளீஸ்."

"ஏன்?"

"எனக்குத் தமிழ் சரியா வரலைன்னு அப்பா என்னைப் பாளையங்கோட்டையில அத்தை வீட்டுல விட்டுப் படிக்க வைக்கப் போறாங்க. நான் நல்லாப் பேசினா, நீயே சொல்லிட்டியேன்னு அனுப்பிடுவாங்க. மோசமாப் பேசினா, தமிழ் வரலைன்னு அனுப்பிடுவாங்க. அச்சா, நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ண?"

என் அலுவலகத்தில் எந்த அதிகாரியும் ஒரு சிக்கலை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. முதலில் பெருமையாக இருந்தது. பிறகுதான் அவளை அதில் மாட்டிவிட்டது நான் என்று உறைத்தது. மாற்றிக் கொடுக்கிறேன் என்றேன்.

"வேணாம் ஆண்ட்டி. எனக்கு மட்டும் மாத்தினா சீட்டிங்னு சொல்வாங்க. பேசறேன்."

விழா மேடையில் மைக் அவளைவிட உயரமாக இருந்தது. அதைத் தள்ளிவிட்டுப் பேசினாள்.

"இங்க ஸ்கூல்ல ஒரு பாஷை, கடையில ஒரு பாஷை. தமிழ் சாப்பாட்டுத் தட்டோட முடிஞ்சுபோகுது. ஊர்ல சண்டை போடணும்னாகூடத் தமிழ்தான் வேணும்."

சபை சிரித்தது. அங்கே அப்பா அம்மா இருக்க மாட்டார்களே என்று எதிர்ப் பக்கத்துப் பையன் மடக்கினான். "அழுகை வரும். அதையும் தமிழ்லயே அழுவேன்" என்றாள். முன்வரிசையில் அவள் அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவர் ஆட்ட ஆட்ட, அவளை நானே ரயிலேற்றிவிடுகிறேன் என்று தோன்றியது.

விழா முடிந்ததும், கையில் பொங்கல் தொன்னையோடு அவர் நானும் அவளும் நின்ற இடத்துக்கு வந்தார். டெல்லிக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் திருநெல்வேலிப் பேச்சை விடாத மனிதர்.

"எல்லாம் சரியாத்தான் சொன்னா. நானே இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார் என்னிடம்.

அவள் என் சால்வை நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இம்புட்டுத் தமிழ் இங்கனயே வந்துட்டுல்லா. பொறவு என்னத்துக்கு அங்க அனுப்பணும்? இங்கனயே படிக்கட்டும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளோ, எதிராளி பேசி முடித்ததும் எழுந்துவிடும் பழக்கத்தில், "ஆனா அப்பா, நீங்க சொல்றதுல ஒரு பாயிண்ட் தப்பு" என்று ஆரம்பித்தாள்.

நறுக்கென்று அவள் கையில் கிள்ளினேன். ஜெயித்த பிறகு உட்கார்ந்துவிட வேண்டும் என்பதை மட்டும் நான் இன்னும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.