சொட்டு சாரின் எட்டு மீன்கள்

குடிநீர் நிலையத்தின் சோதனைக்கூடத்தில் அவருக்குச் சொட்டு சார் என்று பெயர். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் சொட்டை என்று காதில் வாங்கிக்கொண்டு முதலில் அவர் தலையைத்தான் பார்ப்பார்கள். ஐம்பத்தாறு வயதிலும் முடி அடர்ந்த தலை அது. பெயர் வந்தது வேலையால். கண்ணாடிக் குழாயிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தண்ணீரின் நிறம் எப்போது மாறுகிறது என்று பார்க்க வேண்டும். மற்றவர்கள் மடமடவென்று விட்டுவிட்டு, அளவு தாண்டிப் போனால் மறுபடியும் ஆரம்பிப்பார்கள். இவர் ஒரு சொட்டு விடுவார், குலுக்குவார், மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்ப்பார், அப்புறம்தான் அடுத்த சொட்டு. முப்பத்து மூன்று வருடத்தில் அவர் எழுதிய ஓர் அளவைக்கூட யாரும் திருத்தியதில்லை.

வெளியிலும் மனிதர் அப்படித்தான். ஒரு சட்டை எடுக்கப் போனால் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் யோசிப்பார். மறுபடி போகும்போது சட்டையை வேறு யாராவது போட்டுக்கொண்டு தெருவில் போய்க்கொண்டிருப்பார்கள்.

வீட்டில் அவரும் மனைவியும்தான். ஒரே மகள் பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு வருடமாக மனைவி உள்ளறையை விட்டு வருவதே அபூர்வம். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், பேருக்கு நாலு வாய் சாப்பிடுவாள், போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். என்ன கேட்டாலும் ‘ம்’ தான் பதில்.

ஒருநாள் அவர் மேசையில் விரித்து வைத்திருந்த மீன் வளர்ப்புப் பத்திரிகையின் முன்னால் அவள் நின்றுவிட்டாள். படத்தில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மீன். குஞ்சு பொரித்த தாய் என்பதால் உடம்பு மஞ்சளாகியிருந்தது. தூசி மாதிரிக் குஞ்சுகள் அதைச் சுற்றி மொய்த்தன.

“இது கிடைக்குமா?” என்றாள்.

இரண்டு வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அதுதான். அதற்காக அவர் எந்தக் கடலையும் தாண்டியிருப்பார்.

குள்ள சிக்லிட் என்று பெயர். தொட்டியில் பிறந்து வளர்ந்தவை கிடைக்கவில்லை. எங்கோ ஒரு காட்டோடையில், இலைகள் ஊறி டீ நிறமாகிப்போன தண்ணீரில் பிடித்தவைதான் வரும் என்றார் வளர்ப்பு மீன் கடைக்காரர். நான்கு மாதம் ஆகும் என்றும் சொன்னார். ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி வைத்து, நான்கு மாதமும் சொட்டு சார் தண்ணீர் தயாரித்தார். மொட்டைமாடியில் மழைநீர் பிடித்தார். காய்ந்த இலைகளைக் கொதிக்கவைத்துத் தொட்டியில் போட்டார். தினமும் சோதித்து ஒரு நோட்டில் எழுதினார். அந்த ஓடையே வந்து பார்த்தாலும் குறை சொல்லியிருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மீன்கள் வந்தன. மூன்று நாள் பயணம். காற்றடைத்துக் கட்டிய பாலிதீன் பையின் அடியில் எட்டும் ஒடுங்கிக் கிடந்தன. சூடு சமமாகும்வரை பையை மிதக்கவிட்டு, பிறகு வலையால் அள்ளி நேராகத் தொட்டியில் விட்டுவிடச் சொல்லிக் கடைக்காரர் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவசரக் குடுக்கை என்று சொட்டு சார் மனதுக்குள் அவரைத் தள்ளிவைத்துவிட்டார்.

மனைவி வெளியே வந்தாள். தலை வாரியிருந்தாள். நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பையைப் பிரித்து, தண்ணீரோடு மீன்களை ஒரு வாளியில் ஊற்றினார். மூச்சு முட்டக்கூடாதே என்று காற்றுக்குழாயைப் போட்டார். தொட்டியிலிருந்து ஒரு மெல்லிய குழாயை இறக்கி முடிச்சுப் போட்டு, விநாடிக்கு ஒரு சொட்டாக வாளியில் விழ வைத்தார். புதுத் தண்ணீருக்கு மீன் மெல்ல மெல்லப் பழகட்டும் என்று.

“மூணு நாளா அடைஞ்சு கிடக்குதுங்க. நேரா விட்டுட்டா என்னங்க?” என்றாள்.

“உனக்குத் தெரியாது. கொஞ்சம் பொறு. அவசரப்பட்டா ஒன்னுகூடத் தேறாது.”

அவள் பொறுத்தாள். ஒரு மணி நேரத்தில் மீன்கள் துடுப்பை மடக்கிக்கொண்டு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சொட்டு வேகம் அதிகமோ என்று அவர் முடிச்சை இன்னும் இறுக்கினார். ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்தது.

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. மூன்று நாள் கழிவு பைக்குள் அமோனியாவாகச் சேர்ந்திருக்கும். கட்டிய பைக்குள் மீன் விட்ட மூச்சே தண்ணீரைப் புளிக்கச் செய்து அந்த விஷத்தை அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்து காற்றும் விட்டால் புளிப்பு போய்விடும், விஷம் தலைதூக்கும். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் கரும்பலகையில் படம் போட்டு அவரே நடத்துகிற பாடம் இது. அவரேதான் மீன்களை அதில் ஊறவைத்திருந்தார்.

அப்போதாவது வலையை எடுத்திருக்கலாம். அவர் சோதனைக் குப்பியை எடுத்தார். வாளித் தண்ணீரை அளந்து ஊற்றி, மருந்தைச் சொட்டு எண்ணி விட்டு, நிறம் வர ஐந்து நிமிடம் காத்திருந்தார். விஷம் உச்சத்தில் இருந்தால் மட்டுமே வரும் கரும்பச்சை வந்தது. வலையோடு திரும்பியபோது ஏழு மீன்கள் அசையவில்லை. அசைந்த ஒன்றை அள்ளித் தொட்டியில் விட்டார். அது இலைகளுக்கு நடுவே போய் விழுந்தது.

மனைவி வாளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“அவளுக்கும் இதையேதான் சொன்னீங்க. ரெண்டு நாள் பொறு, பாத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு.”

இரண்டு வருடமாக, என்றைக்கு இது அவள் வாயிலிருந்து வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே அவர் வாழ்ந்திருந்தார். வந்துவிட்டது. மறுக்க அதில் ஒரு சொல்கூட இல்லை. அவள் எழுந்து உள்ளே போனாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

ஏழையும் ஒரு பழைய செய்தித்தாளில் எடுத்து வைத்தார். தொட்டிக்குள் குனிந்து வெகுநேரம் தேடினார். ஓர் இலையின் அடியில் அந்த எட்டாவது மீன் சாய்ந்தபடி கிடந்தது. செவுள் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று தெரியவில்லை. கூப்பிட்டார்.

“ஒன்னு இருக்கும்மா. மூச்சு இருக்கு.”

உள்ளேயிருந்து அவள் கேட்டாள்.

“எவ்வளவு நேரத்துக்கு?”

நன்றாகப் பார்க்காமல் எதற்கும் பதில் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், பார்த்துவிட்டு வரத் தொட்டிப் பக்கம் திரும்பினார்.