படகுப் பம்பு பூட்டிய லோடர்

நேற்று துறைமுகச் சாலையில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டேன். பக்கத்தில் ஒரு பழைய டிப்பர் நின்ற இடத்திலேயே இரைந்துகொண்டிருந்தது. சத்தம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். டிரைவரோ கீழே இறங்கி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். மெக்கானிக்குகள் இதை ‘ஹன்டிங்’ என்பார்கள். என்ஜினுக்கு எவ்வளவு டீசல் கொடுப்பது என்று பம்பு முடிவுக்கு வர முடியாமல் தவிக்கிற சத்தம் அது. அதைக் கேட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. பாதை திறந்த பிறகும் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். பின்னால் இருந்தவர் ஹாரனிலேயே என்னைத் திட்டித் தீர்த்தார்.

அந்தத் தவிப்பு எனக்கும் உண்டு என்பாள் என் மனைவி. ஓட்டலுக்குப் போனால் மூன்று மேசை மாறி உட்காருவேன். தோசை சொல்லிவிட்டு, சர்வர் அடுப்பங்கரையை எட்டுவதற்குள் பூரிக்கு மாறுவேன். இப்படிப்பட்ட ஒருவனிடம்தான் அந்தக் காலத்தில் ஒரு பம்பைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது.

நாசரேத்தில் வாத்தியார் வீட்டுப் பிள்ளை நான். டிப்ளமா முடித்த கையோடு சாகுல் காக்காவின் யார்டில் வேலைக்குச் சேர்ந்தேன். காக்கா காயல்பட்டினத்துக்காரர்; அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் இருந்தது ஒரே ஒரு லோடர். உப்பை அள்ளி லாரியில் கொட்டும் வேலைக்கு அதை வாடகைக்கு விடுவார். ஓட்டியவன் மிக்கேல், என் வயதுக்காரன். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் போட்டில் ஏறினால் கரை மறைவதற்குள் வாந்தி எடுத்துவிடுவான். அதனால் தரையில் ஓடும் வண்டிக்கு வந்தான். ஆனால் கடல் கண்ணில் படாத இடத்தில் அவனுக்குச் சோறு இறங்காது. லோடரை நிறுத்தும்போதுகூடக் கடலைப் பார்த்துத்தான் நிறுத்துவான். கேட்டால், “அதுக்கும் காத்து வேணும்லா?” என்பான்.

மழைக்கு முன்னால் உப்பு அம்பாரங்களைக் காலி செய்ய எல்லாரும் பறந்துகொண்டிருந்த நேரத்தில் லோடரின் என்ஜின் வெடித்துப் போனது. வெளிநாட்டு என்ஜின், சாமான் கிடைக்காது. காக்கா ஒரு பழைய லாரி என்ஜினை வாங்கிக் கொண்டுவந்து இறக்கினார். “இதெ மாட்டி ஓடுச்சுன்னா ஓட்டுவோம் தம்பி. இல்லேன்னா எடைக்குப் போட வேண்டியதுதான்” என்றார்.

எடைக்குப் போனால் மிக்கேலுக்கு வேலை இல்லை. அவனுடைய மச்சினன் துபாயிலிருந்து விசா அனுப்பி வைத்திருந்தான். மிக்கேலின் மனைவி ஜெனிட்டா அப்போது நிறைமாதம். “புள்ள மொகத்தப் பாக்காம நான் எங்கனயும் போவ மாட்டேன்” என்று யார் கேட்டாலும் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்காதவர்களிடமும் சொன்னான்.

என்ஜினோடு லாரிப் பம்பு ஒன்று வந்திருந்தது. அதை அப்படியே மாட்டுவதுதான் சுலபம். ஆனால் லாரிப் பம்பு டிரைவரின் காலை நம்பி இருப்பது. மேடு வந்தால் அவர் மிதிக்க வேண்டும், இறக்கம் வந்தால் விட வேண்டும். லோடர் ஓட்டுகிறவனுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. பக்கெட் உப்பில் இறங்கியதும் பாரம் சட்டென்று ஏறும், அந்த நொடியில் பம்பே பார்த்து டீசலைக் கூட்டிக் கொடுக்காவிட்டால் என்ஜின் திணறி நின்றுவிடும்.

இங்கேதான் நம்ம ஊர் விஷயம் வருகிறது. அதே என்ஜினைத்தான் எங்கள் பக்கத்து விசைப்படகுகளிலும் இறக்குவார்கள். அலையில் பின்பக்கம் தூக்கினால் படகைத் தள்ளுகிற விசிறி அந்தரத்தில் சுற்றும், முங்கினால் பாரம் இழுக்கும். எது நடந்தாலும் வேகம் மாறாமல் பிடித்துக்கொள்கிற பம்பு படகுப் பம்பு. மிக்கேலின் மாமா போட்டை உடைத்து விற்றபோது பம்பை மட்டும் எடுத்து, எண்ணெய்ச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டிருந்தார். கருவாட்டு வாடையும் டீசல் வாடையும் கலந்த அந்தச் சாக்கை என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தான் மிக்கேல். இன்றைக்கும் கருவாடு பொரிக்கிற வாசனை வந்தால் எனக்குப் பசிக்காது, பம்புதான் ஞாபகம் வரும்.

காலையில் படகுப் பம்பு என்பேன், மத்தியானம் லாரிப் பம்பு என்பேன். மாட்டுவேன், கழற்றுவேன். மிக்கேல் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “ஏலே, அந்தப் பம்பாவது ஒரு எடத்துல நிக்கும். நீ நிக்க மாட்டக்கியே!” அந்த ரோஷத்தில்தான் படகுப் பம்பை முறுக்கி மாட்டினேன்.

ஓட்டிப் பார்க்கிற அன்று காக்கா ஒருவரைக் கூட்டி வந்திருந்தார். கயத்தாறு பக்கம் கல்குவாரி வைத்திருப்பவர். லோடர் ஓடாவிட்டால் உடைத்து, பக்கெட்டையும் அச்சையும் எடுத்துக்கொள்ளலாம் என்று வந்தவர். மிக்கேல் சிலுவை போட்டுக்கொண்டு ஏறினான். என்ஜின் ஒரே இழுப்பில் பிடித்தது. அம்பாரத்தை நோக்கி மிதித்து விட்டான். பக்கத்தில் போனதும் காலை எடுத்தான்.

வண்டியின் வேகம் குறையவில்லை.

படகில் வேகம் கூட்டுகிற லீவரை வைத்த இடத்தில் வைத்தால் அது அங்கேயே நிற்க வேண்டும். அதனால் படகுக்காரர்கள் பம்பில் திருப்பி இழுக்கிற ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுவார்கள். மிக்கேலுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பம்பு படகிலிருந்து வந்தது என்று அத்தனை பெருமை பேசிய எங்களுக்கு அது மட்டும் தோன்றவில்லை. காற்றழுத்தத்தில் பிடிக்கிற பிரேக்குக்கு இன்னும் காற்று ஏறியிருக்கவில்லை. “மாதாவே!” என்று கத்திக்கொண்டே மிக்கேல் போய் அம்பாரத்துக்குள் புகுந்தான். கேபின்மேல் உப்பு சரிந்து மூடியது.

நாங்கள் ஓடினோம். பாதி வழியில் மூன்று பேருமே நின்றுவிட்டோம். மலை மாதிரி உப்பை முட்டிக்கொண்டு, சக்கரங்கள் வழுக்கிச் சுற்ற, உள்ளே என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம்கூடத் தொய்வில்லை. கரைக்குத் திரும்புகிற போட்டின் சத்தம், தரையில் கேட்டது. மிக்கேல் ஒருவழியாக நிறுத்துகிற கம்பியை இழுத்துவிட்டு, தலை முதல் கால் வரை வெள்ளையாக இறங்கி வந்தான். நானும் அவனும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம். சைக்கிள் ஸ்டாண்டு ஸ்பிரிங் ஒன்றை மாட்டினால் போதும், வேலை முடிந்தது. அவன் துபாய்க்குப் போக வேண்டியதில்லை.

குவாரிக்காரர் லோடரைச் சுற்றிச் சுற்றி வந்தார். “இதையா ஒடைக்கச் சொன்னீய? ஓட்டிட்டே போறேன், குடுங்க” என்றார். அவர் சொன்ன விலைக்குக் காக்காவால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. மழை தொடங்குவதற்குள் லோடர் கயத்தாறு போய்விட்டது. காக்கா கொஞ்ச நாள் எங்கள் முகத்தைப் பார்க்காமலே டீ குடித்தார். அவர்மேல் எனக்குக் கோபம்தான். ஆனாலும் அவர் இடத்தில் இருந்தால் நானும் விற்றிருப்பேன்.

குவாரிக்கே டிரைவராக வரச் சொல்லி மிக்கேலைக் கேட்டார்கள். “கயத்தாத்துல ஏதுலே கடலு?” என்று, விசாத் தவணை முடிய இருந்ததால் பிள்ளை பிறப்பதற்கு முன்பே துபாய்க்கு விமானம் ஏறினான். அங்கே கடல் இருக்கிறதே. ஆனால் கம்பெனி அவனை அனுப்பியது பாலைவனத்துக்குள் இருக்கும் ஒரு கேம்ப்புக்கு. பிள்ளை பிறந்த செய்தி அங்கேதான் போனது. விவரம் தெரிகிற வரைக்கும் அவனுடைய மகள் அப்பா என்றால் போன் என்றுதான் நினைத்திருந்தாள்.

இத்தனை வருஷமாக ஒரு நினைப்பு எனக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. லாரிப் பம்பை மாட்டியிருந்தால் லோடர் திணறித் திணறி எப்படியோ ஓடியிருக்கும். திணறுகிற வண்டியை யாரும் வாங்க மாட்டார்கள், உப்பு அள்ளுகிற வண்டியைக் காக்காவும் உடைக்க மாட்டார். மிக்கேல் இங்கேயே கிடந்திருப்பான், தினமும் என்னைத் திட்டிக்கொண்டு. இதை அவனிடம் நான் சொன்னதே இல்லை.

அந்த யார்டு இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கடலைப் பார்க்க முடியாது. நேற்று அந்த டிப்பரின் சத்தத்தைப் போனில் பிடித்து, இன்னும் துபாயிலேயே இருக்கும் மிக்கேலுக்கு அனுப்பினேன். ராத்திரிக்குள் அவன் குரல் வந்தது.

“லாரிப் பம்புதானலே? கேட்டதுமே தெரிஞ்சிட்டு.” அதே மூச்சில் சொன்னான்: “நாம இதையே மாட்டியிருக்கலாம்லே.”

அவனுக்குப் பின்னால் ஏதோ ஒரு புது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.