அப்பா வெளுத்த வருஷம்

அப்பாவின் நோய்க்கு முதல் அறிகுறி அவர் அழகானதுதான். எழுதும்போதே எனக்கு விசித்திரமாக இருக்கிறது. ஆனாலும் அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனென்றால் உங்கள் வீட்டிலும் அது அப்படியே வந்து நிற்கலாம். யாரும் பயப்பட மாட்டீர்கள்.

விருத்தாசலத்தில் ஒரு சின்ன பீங்கான் கம்பெனியில் அப்பாவுக்கு வேலை. சுட்ட கோப்பைகளைப் பளபளப்புப் பூச்சுக் குழம்பில் முக்கி எடுப்பார். முக்கி எடுக்கும் வேகத்திலேயே மணிக்கட்டை ஒரு சுழற்று சுழற்றினால்தான் பூச்சு சீராக நிற்கும். அந்தக் கைக்குத்தான் சம்பளம்.

கறுத்த, தடித்த மனிதர். அந்த வருஷம் தை மாதத்துக்குப் பிறகு இளைத்தார், முகம் வெளுத்தது. "என்னாங்க, புது மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க" என்று டீக்கடையில் கேட்டார்கள். அம்மா, "பொண்ணு கிண்ணு பாத்து வெச்சிருக்கீங்களா? சொல்லிட்டுக் கட்டிக்குங்க, நானும் வந்து சாப்பிடறேன்" என்றாள். அப்பா சிரித்துக்கொண்டே கண்ணாடி முன் நின்றார்.

அவர் யாருக்காக நின்றார் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் அக்காள் கணவர், எனக்குப் பெரியப்பா. கடைவீதியில் ஜவுளிக்கடை. அப்பாவைவிட நான்கு வயது மூத்தவர். நல்லூரில் ஒரு கல்யாணப் பந்தியில் அவரைக் காட்டி அப்பாவிடம், "இவரு உங்க தம்பிங்களா?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். பெரியப்பா அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்பா அன்றைக்குப் பாயசத்தைத் தொடவில்லை.

சித்திரையில் வயிற்று வலி வந்தது. சுருட்டிக்கொண்டு படுப்பார், ஆஸ்பத்திரிக்கு மட்டும் வரமாட்டார். "இது நல்ல வலிடா" என்றார் ஒருமுறை. எனக்கு விளங்கவில்லை. பிறகு ஒரு நாள் கம்பெனியில் கோப்பை கை நழுவி விழுந்தது. எடுக்கப் போன கை மணிக்கட்டோடு மடங்கித் தொங்கியது.

பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி. எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் டாக்டர் எல்லாவற்றையும் என்னிடம்தான் சொன்னார். வெளுப்பு, ரத்தசோகை (ரத்தத்தில் சிவப்பணு குறைவது). கைக்கு வந்தது மணிக்கட்டுத் தொங்கல் (கையை மேலே நிமிர்த்தும் நரம்பு செயல் இழப்பது). ஈறின் ஓரம் நீலமாக ஒரு கோடு. எல்லாவற்றுக்கும் காரணம் ஈய நஞ்சு.

"பீங்கான் பூச்சுல ஈயம் இருக்கும். அந்த வேலைக்கு இனிமே போகக் கூடாது" என்றார் டாக்டர்.

நரம்பில் மருந்து ஏற்றினார்கள். ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து. விரல்கள் கொஞ்சம் அசைந்தன. வீட்டுக்கு வந்தோம். அப்பாவைக் கம்பெனியில் வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டும் இடத்துக்கு மாற்றினார்கள்.

இரண்டு மாதத்தில் மறுபடியும் விழுந்தார். முன்னைவிட மோசம். பூச்சுக் குழம்பின் பக்கமே போகாதவருக்கு எப்படி வந்தது? அவர் தொட்டதையெல்லாம் நான் சந்தேகப்பட்டேன். குடிதண்ணீரை, பாத்திரத்தை, அம்மா வைத்த குழம்பைக்கூட. அம்மா அழுதாள்.

இரண்டாம் முறை வார்டில் படுத்திருந்தபோது பெரியப்பா ஆப்பிளோடு வந்தார். வெளுத்து, மெலிந்து, பட்டு வேட்டியில் பளிச்சென்று இருந்தார். "என்னா சகலை, கட்டில விட்டு எழுந்திருக்க மனசு வரலியா?" என்று வாய் நிறையச் சிரித்தார். பக்கத்துக் கட்டிலில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, ஈறைக் காட்டுங்க."

அதே நீலக் கோடு.

"நீங்களும் பீங்கான் கம்பெனியா?"

"நான் ஜவுளிக்கடைங்க."

டாக்டர் மறுபடி குனிந்து ஈறைப் பார்த்தார். அப்பாவும் பெரியப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஸ்ரீமுஷ்ணத்தாரு கிட்டயா?" என்றார் அப்பா மெல்ல.

"உனக்கும் குடுத்தானா? 'உன் சகலைக்கு மட்டும் தெரியவே கூடாது'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டுல்ல குடுத்தான்!"

"என்கிட்டயும் அதே சத்தியம்தான். எப்பலேருந்து?"

"கார்த்திகைலேருந்து. நீ?"

"தை."

"அதான பாத்தேன்" என்றார் பெரியப்பா. அந்த நிலையிலும் அவர் குரலில் முந்திக்கொண்ட திருப்தி இருந்தது.

இளமை திரும்பும் காயகல்பம் என்று சொல்லி ஒரு வெள்ளைப் பற்பம் (சுட்டுச் சாம்பலாக்கிய மருந்து) கொடுத்திருக்கிறார் அந்த ஸ்ரீமுஷ்ணத்து நாட்டு வைத்தியர். தேனில் குழைத்து விடியலில் சாப்பிட வேண்டும். சாப்பிடுவது வெளியே தெரிந்தால் பலிக்காது. வலி வந்தால் பழைய உடம்பு கழல்கிறது என்று அர்த்தம். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், போன வெளுப்பைத் திரும்பப் பிடிக்க மறுபடி தொடங்கியிருக்கிறார். கம்பெனிப் பூச்சும் சேர்ந்துதான் கெடுத்ததா, பற்பம் மட்டுமா என்று டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பெரியப்பாவை அன்றே சேரச் சொன்னார்கள். அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். மழிக்காத தாடி முழுக்க நரை, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "ஊசி போட்டா இப்படி ஆயிடும்னா எனக்கு வேணாம்" என்று பஸ் ஏறிவிட்டார்.

கடைக்குப் போய்க் கெஞ்சினேன். "உங்கப்பன் அனுப்பிச்சானா? அவனுக்குப் பலிக்கல, அதான் எனக்கும் வேணாங்கறான்" என்றார். வந்தவர்களுக்குப் புடவை விரித்துக் காட்டியபடியே சொன்னார். விரித்த புடவையை அவரால் மடிக்க முடியவில்லை. கடைப்பையன் மடித்தான்.

ஐப்பசியில் அவருக்கு வலிப்பு வந்தது. பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோகும் வழியில் காரிலேயே போய்விட்டார்.

சாவு வீட்டுக்கு அப்பா வரக் கூடாது என்றேன். கேட்கவில்லை. பாடையருகே குனிந்து வெகுநேரம் முகத்தையே பார்த்தார். "ஒரு சுருக்கம் இல்ல பாருடா" என்றார் என் காதில். அது துக்கமா, பொறாமையா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

வாய்க்கரிசி போட அழைத்தார்கள். அப்பா வலது கையில் அரிசி எடுத்தார். மணிக்கட்டு நிமிரவில்லை, அரிசி தரையில் கொட்டியது. "இடது கையால போட்டுடுங்க, பரவால்ல" என்றார்கள். அவர் கேட்கவில்லை. மறுபடி அள்ளி, இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கித் தூக்கிப் போட்டார்.

இதைப் படிப்பவர்கள் வீட்டில் யாராவது காரணமில்லாமல் வெளுத்து இளைத்து, அதை ஊர் புகழ்ந்தால், தயவுசெய்து ஈறைப் பாருங்கள். என்ன சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

அப்பா மறுபடியும் கறுத்துவிட்டார். கறுப்பு திரும்புவது ரத்தம் ஊறுவதற்கு அடையாளம் என்றார் டாக்டர். காலையில் அப்பா கையை மேசை ஓரத்தில் வைத்து நிமிர்த்திப் பழகுகிறார். ஒரு விரலளவு எழுகிறது. சில நாள் அதுவும் இல்லை. அந்த நேரத்தில் தலை நரைத்த இந்தக் கிழவர், முதல்முதலாக நடக்கப் பழகும் குழந்தை மாதிரி மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். நானும் பிடித்துக்கொள்கிறேன். அவருக்கு இப்போது என்ன வயது என்று யாராவது கேட்டால், எனக்குச் சட்டென்று சொல்ல வருவதில்லை.