நூலகத்தில் ஒரு லத்தீன் வரி

கணவர் இறந்த பின் வந்த முதல் குளிர்காலத்தில், லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் பகுதி நூலகத்தில் செவ்வாய்க்கிழமை மாலைகளில் கூடும் ஒரு கவிதைக் குழுவில் சேர்ந்தேன். ஐரோப்பியக் கவிதைகளை ஆங்கிலத்தில் வாசிக்கும் குழு. எல்லோரும் வரலாம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தார்கள். அதை நம்பிப் போனேன்.

லீட்ஸில் இருக்கும் மகன் தொலைபேசியில் சிரித்தான்.

“உங்களுக்கு என்னத்துக்கம்மா கவிதை?”

“வீட்டில கதைக்க ஆளில்லை. அங்க ஆக்கள் கதைக்கினம். கேட்டுக்கொண்டு இருப்பம் எண்டு போறன்.”

அவன் பேச்சை மாற்றி, சாப்பிட்டாச்சா என்று கேட்டான்.

குழுவை நடத்தியவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. வழக்கமாக வருபவர்களில் ஓர் இத்தாலியர் இருந்தார். என் வயதை ஒத்த போலந்துப் பெண் ஒருத்தியும் இருந்தாள். யாராவது ஒரு கவிதையை முதலில் தம் மொழியில் வாசிப்பார்கள். பிறகு அதன் ஆங்கில வடிவத்தை எல்லோரும் வாசிப்போம்.

ஆங்கிலம் எனக்குப் புதிதல்ல. கவுன்சில் அலுவலகத்தில் வாடகைப் புகார்களுக்கு அதில் பதில் எழுதி எழுதியே தலை நரைத்தவள் நான். ஆனால் அந்த மேசையில் சொற்கள் புரிந்தாலும் சிரிப்பு புரியவில்லை. ஒரு நாள் சானெட் என்ற பதினான்கு வரிக் கவிதை ஒன்றை வாசித்து முடித்ததும், “இந்த வடிவம் எங்கள் ஊர்ச் சரக்கு” என்றார் இத்தாலியர். “எடுத்து வந்தது எடுத்து வந்ததுதான், இனித் திருப்பித் தரமாட்டோம்” என்றார் ஆசிரியை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் பிந்திச் சிரித்தேன். இன்னொரு நாள் நைட்டிங்கேல் பறவை பற்றிப் பேச்சு வந்தது. அவர்கள் எல்லோருடைய மொழியிலும் அது அழுதிருக்கிறது. நான் அதன் குரலைக் கேட்டதேயில்லை. உங்கள் மொழியில் எந்தப் பறவை அழும் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் குழு அதற்கானதல்ல.

வசந்தம் தொடங்கியபோது ஆசிரியை மிகப் பழைய ஆங்கிலக் கவிதை ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு வரி ஆங்கிலம், அடுத்த வரி லத்தீன். உச்சரிப்பு பிழைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வாசித்தார். முதல் லத்தீன் வரியிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மன்னாரில் எங்கள் மாதா கோயிலில் அடக்கப் பூசைக்குப் பாடுகிற பாட்டின் வரி அது. அப்பாவுக்குப் பாடினார்கள். கணவரின் பூசைக்கும் அதைப் பாடச் சொல்லி இங்கே கேட்டுப் பார்த்தேன். பாடகர் குழுவில் இருந்த இளசுகளுக்கு அது தெரியவில்லை.

பாட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வாயிலிருந்து மெதுவாக வந்துவிட்டது. இரண்டாம் வரியில் போலந்துப் பெண் சேர்ந்துகொண்டாள். இத்தாலியர் சொற்கள் நினைவில்லாமல் ராகத்தை மட்டும் முனகினார். முடித்தபோது என் முகம் நனைந்திருந்தது.

“உங்களுக்கு இது எப்படித் தெரியும்?” என்று இத்தாலியர் என்னைக் கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். கூடப் பாடிய போலந்துப் பெண்ணிடம் அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை.

“எங்கள் கோயிலில் பாடுவோம். இலங்கையில்.”

“அவ்வளவு தூரத்துக்கா போயிருக்கிறது!”

அது போர்த்துக்கீசரோடு எப்படிக் கப்பலேறி வந்தது, வந்து எங்களை என்ன செய்தது என்று சொல்லத் தொடங்கினால் அந்த மாலை போதாது. ஓம் என்று தலையாட்டினேன்.

அன்று போலந்துப் பெண் என்னோடு பஸ் தரிப்பிடம் வரை நடந்து வந்தாள். “என் மொழியில் நான் வாயாடி. பகிடி விட்டால் வீடே சிரிக்கும். ஆங்கிலத்தில் நான் மரியாதையான பெண் மட்டும்தான்” என்றாள்.

“நானும்தான்” என்றேன். இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். அந்த மேசையில் நான் அப்படிச் சிரித்ததேயில்லை.

பிறகு அவள் ஞாயிறுகளில் தேநீருக்கு வரத் தொடங்கினாள். ஒருமுறை, எனக்குப் புரியாது என்று தெரிந்தும், போலிஷில் ஒரு பகிடியை முழுதாகச் சொன்னாள். முகத்தைக் கோணலாக்கி, கையை ஆட்டி, நடுவில் தானே சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நான் பதிலுக்கு என் கணவர் அடிக்கடி சொல்லும் கதையொன்றைத் தமிழில் சொன்னேன். அவர் போன பிறகு அதை நான் சத்தமாகச் சொன்னது அன்றுதான்.

கோடை முடிவில் அவள் போலந்துக்கே திரும்பிப் போய்விட்டாள். தங்கைக்குச் சுகமில்லை, பார்க்க வேறு ஆளில்லை. டிசம்பரில் நத்தார் வாழ்த்து அனுப்பினாள். ஆங்கிலத்தில் இருந்தது. மிகவும் மரியாதையாக இருந்தது.

நான் இன்னும் குழுவுக்குப் போகிறேன். போன வாரம் ஆசிரியை ஒரு போலிஷ் கவிதையை எடுத்தார். மூலத்தை வாசிக்க ஆளில்லை. நேரே ஆங்கிலத்துக்குப் போனோம். நல்ல கவிதை என்றார்கள். நல்ல கவிதைதான். வெளியே தூறிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நிற்காமல் வீட்டுக்கு நடந்தேன்.