ஒன்பதாம் கேள்விக்குச் சரியான பதில்

கப்பல் அதிகாரி ஒருவரைத் தலையில் குட்டிப் படிக்க வைத்தவள் நான் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. அப்போது எனக்கு மூன்றாம் வகுப்பு. மாணவர் என் தாய்மாமா. கொச்சி மட்டாஞ்சேரி கடைவீதியில், அரிசிக் கிடங்குக்கு மேலே இருந்த எங்கள் வீட்டின் முன்னறைதான் பள்ளிக்கூடம்.

மாமா அதிகாரித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். எழுத்துத் தேர்வை அவர் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. வாய்மொழித் தேர்வுக்குத்தான் பயந்தார். தேர்வாளர் எதிரே உட்கார்ந்து, மேசைமேல் இரண்டு பொம்மைக் கப்பல்களை நகர்த்தி, இப்போது நீ என்ன செய்வாய் என்று கேட்பாராம். யோசிக்காமல் பதில் வர வேண்டுமாம். அதனால் விதிப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். ஒரு சொல் மாறாமல் ஒப்பிக்க வேண்டும், பிழை ஒன்றுக்குக் குட்டு ஒன்று. இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், பொருள் பாதிக்கு மேல் விளங்காது. ஆனால் குட்டுவதற்குப் பொருள் எதற்கு?

கேட்டுக் கேட்டு எனக்கே பாதி மனப்பாடம் ஆகிவிட்டது. குறுக்கே வரும் கப்பல் நம் வலப்பக்கம் இருந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும். எர்ணாகுளம் போகும் படகில் உட்கார்ந்துகொண்டு, யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று பக்கத்து இருக்கைக்காரர்களுக்குத் தீர்ப்பு வழங்குவேன். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். மாமா தடுமாறாமல் சொல்வது கண்காணிப்பு பற்றிய விதி. எல்லா நேரமும் கண்ணாலும் காதாலும் சுற்றிலும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ராடார் இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது, சின்ன மரப்படகு அதில் தெரிந்தாலும் தெரியும், தெரியாமலும் போகும். அதனால் இருட்டில் அதிகாரியோடு ஒரு மாலுமியும் கடலை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவனுக்கு லுக்-அவுட் என்று பெயர். மாமா தேறினார். எனக்கு ஒரு பெட்டி சாக்லேட் வந்தது. தேறியது அவர், தேற்றியது நான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மதியம் மாமா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். சாக்லேட் இல்லை. சட்டை கழற்றாமலே கட்டிலில் படுத்துக்கொண்டார். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அம்மாவும் அப்பாவும் தாழ்ந்த குரலில் பேசியதிலிருந்து நானே பொறுக்கிச் சேர்த்ததுதான். கொச்சிக்கு வரும் வழியில், ராத்திரி நேரத்தில், மாமாவின் கப்பல் ஒரு மீன்பிடிப் படகை இடித்துவிட்டது. படகில் ஆறு பேர். நான்கு பேரைக் கடலிலிருந்து தூக்கிக் காப்பாற்றிவிட்டார்கள். படகை ஓட்டிய கன்னியாகுமரிக்காரரும் இன்னொருவரும் இறந்துபோனார்கள். அந்த நேரத்தில் கப்பலை நடத்திக்கொண்டிருந்த அதிகாரி மாமா. விசாரணையில் அவர்மேல் தப்பு என்று வந்தால் சான்றிதழ் போய்விடும், ஜெயிலுக்கும் போக நேரலாம்.

விசாரணைக்கு நான்கு நாள் இருந்தபோது வக்கீல் ஒருவர் இங்கிலீஷில் மூன்று தாள்கள் அனுப்பினார். கேட்கப்படும் கேள்விகள், சொல்ல வேண்டிய பதில்கள், மொத்தம் பதினான்கு. மாமா அவற்றை என் கையில் வைத்தார்.

"பழையபடி நீயே கேளு மோளே."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எட்டுக் கேள்விகள் மளமளவென்று போயின. ஒன்பதாவது கேள்வி, மோதலுக்குச் சற்று முன் லுக்-அவுட் எங்கே இருந்தான் என்பது. மாமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கீழ போயிருந்தான். அடுத்த டூட்டிக்காரங்களை எழுப்ப. அப்படியே ஒரு சாயா போட்டுக் கொண்டுவான்னு நான்தான் சொன்னேன். நான் திரும்பி நின்னு எழுதிட்டிருந்தேன்."

இது கப்பலில் பழகிப்போன வழக்கம் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. முறை முடிய அரை மணி இருக்கும்போது லுக்-அவுட் கீழே இறங்குவான், அடுத்த ஆட்களை எழுப்புவான், தேநீர் போடுவான். அந்தக் கால் மணி நேரம் அதிகாரி தனியாள். அவரும் அப்போதுதான் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பதிவேட்டை எழுதி முடிப்பார். பதிவேட்டில் மட்டும் லுக்-அவுட் நின்ற இடத்தை விட்டு அசையவே மாட்டான்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் தாளில் இருந்தது மட்டும்தான். லுக்-அவுட் வலது ஓரத்தில், கையில் பைனாகுலரோடு நின்றுகொண்டிருந்தான், படகில் விளக்கு எதுவும் எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை என்று. ஓங்கி ஒரு குட்டு வைத்தேன்.

"தப்பு மாமா! சாயாவெல்லாம் இதில இல்ல. திரும்பச் சொல்லுங்க."

மற்றப் பதில்கள் எல்லாம் நிற்கும், ஒன்பதாவதில் மட்டும் மனிதர் சறுக்குவார். பாதி சொல்லி நிறுத்துவார். தண்ணீர் குடிப்பார். மூன்றாம் நாள் கெஞ்சவே தொடங்கிவிட்டார்.

"மதி மோளே, போதும். தல வேதனிக்குது."

"மதியாகாது. பரீட்சையில தோத்துப் போவீங்க."

அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். என்னைத்தான் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். தாளை வாங்கிப் பார்த்தாள், தம்பியின் முகத்தைப் பார்த்தாள், தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "அவ கேக்கட்டும்டா. நீ சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் மிக்ஸியைப் போட்டாள். சட்னிக்கு வேண்டியதைவிட வெகுநேரம் அது ஓடியது. நான்காம் நாள் சாயங்காலம் மாமா பதினான்கையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார். தாளின் மேல் மூலையில் சிவப்பு மையால் நட்சத்திரம் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், சிரிக்கவில்லை.

விசாரணைக்கு நானும் வருவேன் என்று அழுது அடம்பிடித்தேன். மாணவர் தேர்வு எழுதும்போது ஆசிரியர் பள்ளிக்கூடம் போவதாவது? துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகம் அது. மாமாவை உள்ளே கூப்பிட்டார்கள். அம்மா என்னை நடையில் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போனாள். பெஞ்சின் மறுகோடியில் ஒரு பெண், மடியில் பிளாஸ்டிக் உறையில் ஏதோ காகிதங்கள். நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும், நகர்ந்து பக்கத்தில் வந்தாள். பிள்ளைகளை 'மக்களே' என்று கூப்பிடும் கன்னியாகுமரிப் பேச்சு.

"தமிழா மக்களே? உங்க வீட்டிலயும் அந்த போட்டுல போனாவளா?"

"இல்ல, எங்க மாமா கப்பல்ல இருந்தவர். இப்ப உள்ளதான் இருக்கார்."

அவள் மடியிலிருந்த உறையை நேராக்கி வைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"எனக்க வீட்டுக்காரருதான் போட்ட ஓட்டினது. வெளக்கு போடாம வந்தாருன்னு சொல்லுதாவ. அவரு வெளக்கு போடாம ஒருநாளும் போவமாட்டாரு. பொழச்சவிய எல்லாம் அப்ப உறங்கிட்டு கெடந்தாவளாம். செத்தவன் வந்தா சொல்லப்போறான்?" என்று நிறுத்திவிட்டு, "உனக்க மாமா உள்ள என்ன சொல்லுவாரு?" என்று கேட்டாள்.

கடைசியில் ஒருத்தராவது கேட்டார்களே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பதினான்கு கேள்வி, எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது என்றேன். "ஒன்பதாவதுதான் மாமாவுக்கு வரவே வராது. லுக்-அவுட் சாயா போடப் போனான், நான் திரும்பி நின்னு எழுதிட்டிருந்தேன்னு தப்புத் தப்பாச் சொல்லுவார். நான்தான் குட்டிக் குட்டிச் சரிபண்ணினேன்."

அவள் என் கையைப் பிடித்தாள். விரல்கள் வலித்தன.

"அந்தத் தப்பான பதில இன்னொருக்கா சொல்லு மக்களே. எனக்க கூட வா, உள்ள வந்து அவிய கிட்ட சொல்லு."

படகில் விளக்கு எரியவில்லை என்றுதான் முடிவில் அறிக்கை வந்தது. மாமா மறுபடி கப்பலேறினார். நான் உள்ளே போயிருந்தாலும் ஒரு சிறுமியின் பேச்சை யாரும் பதிவு செய்திருக்க மாட்டார்கள். இப்படி எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன், வெட்கம் மட்டும் போகவில்லை.

அன்று எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. கஷ்டப்பட்டுத் திருத்தியதை விட்டுவிட்டுத் தப்பையே கேட்கிறாளே! கையை உருவிக்கொண்டு, "சரியானதைச் சொல்றேன், கேளுங்க" என்று தாளில் இருந்ததை ஒரு சொல் பிசகாமல் இங்கிலீஷில் ஒப்பித்தேன். அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். இங்கிலீஷ் புரியாததால்தான் அழுகிறாள் என்று நினைத்து, நிறுத்தி நிதானமாக, முதலிலிருந்து அதைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன்.