செவலைக்குத் தெரியாத சத்தம்

ஆமாம், என் பைக் சைலன்சருக்குள் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரை நான்தான் கழற்றச் சொன்னேன். பிக்கப் கூடியது, சத்தம் அதிர்ந்தது. புகை கண்ணைக் கரித்ததை நான் சட்டை செய்யவில்லை.

அந்த வாரம் திருவரங்குளம் பக்கம் நடந்த ஜல்லிக்கட்டில், பிடிபடாமல் ஓடிய என் காளை செவலையைத் தேடி நானும் மனைவியும் அதே பைக்கில் போனோம். வழக்கமாக என் வண்டிச் சத்தம் கேட்டால் தானே வந்து நிற்கும். அன்று மிரண்டு, முள்வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடியது.

"வண்டிய அணைங்க! ஒங்களுக்குப் பயந்துதான் ஓடுது!" என்று பின்னாலிருந்து கத்தினாள் மனைவி. நடந்துபோய்க் கூப்பிட்டோம். நெஞ்செல்லாம் முள் கீறலோடு வந்தது.

மறுநாளே கன்வெர்ட்டரைத் திரும்ப மாட்டினேன். "மாட்டுக்காகவாடா பிக்கப்ப விட்ட?" என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். மாட்டுக்காகத்தான். அவர்கள் வண்டிச் சத்தத்துக்கு ஊரே திரும்பிப் பார்க்கிறது. பார்க்கட்டும். என் வண்டிச் சத்தத்துக்குச் செவலை வந்து நிற்கும்.