தற்காலிக அமைப்பு, எண் நான்கு

பாயான் பாருவில் எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் ஓடும் பெரிய கால்வாயை எல்லாரும் லோங்காங் என்போம். அதன் கரையில்தான் குணவதி அக்காவின் ஒட்டுக்கடை: தகரக் கூரைக்குக் கீழே ஒரு தோசைக்கல், ஒரு சட்னி மேசை. இருபத்தாறு வருடம் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் பூதக்கண்ணாடி வழியே சிப்புகளில் குறை தேடியவர். வேலையை விட்டபின் அதே கண்ணைத் தோசை மீது திருப்பினார். ஓரம் கருகினால், கேட்டவர் வாய் திறக்கும் முன் அவரே ஒதுக்கிவிடுவார்.

போன வருடம் லோங்காங்கை அகலப்படுத்தப் போவதாகச் செய்தி வந்தது. கடன் தருவது ஒரு வெளிநாட்டு வளர்ச்சி வங்கி. கடை நிற்குமா, போகுமா? அக்காவுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

வங்கி எதையும் மறைக்கவில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களை ஆங்கிலத்தில் இணையத்தில் போட்டிருந்தது. அக்கா கைபேசியில் பதினேழு நாள் படித்தார். மீன்களுக்கு ஓர் அத்தியாயம், கொக்குகளுக்கு ஓர் அத்தியாயம்.

"கொக்கு எப்பவாச்சும் வருது. நான் தினம் வரேன். எனக்கு ஒரு வரி கூட இல்லலா!"

பிறகு ஒரு ஹோட்டலில் கலந்தாய்வுக் கூட்டம். வாசலில் வருகைப் பட்டியல், உள்ளே பிரியாணி. குடியிருப்பாளர் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு வாசலிலேயே நின்று, "சைன் போட்டுட்டு உள்ள போங்க, மக்கான் ஆறிடும்" என்று விரட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா பேனாவைத் தொடவில்லை. ஃபேக்டரியில் ஒருமுறை, புது மெஷினுக்குப் பயிற்சி என்று நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார். பயிற்சி கொடுக்க வந்தவர் பாதியில் டீ குடிக்கப் போனவர் போனவர்தான். மெஷின் கெட்டபோது, 'உனக்குத்தான் பயிற்சி கொடுத்தாச்சே' என்று அந்தத் தாள் மட்டும் திரும்பி வந்தது.

"பார்க்காததுக்கு சைன் போடமாட்டேன் அண்ணே."

"இது சும்மா, வந்ததுக்கு மட்டும்தான் குணா!"

"சும்மான்னா பேனா எதுக்கு?"

பின்னால் நின்ற முப்பத்தெட்டு பேரும் அக்கா பேச்சைக் கேட்டுப் பேனாவை ஒதுக்கினார்கள். பிரியாணியை ஒதுக்கவில்லை.

கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த வங்கி அதிகாரி யமுனா வெற்றுப் பட்டியலைப் பார்த்து வெளிறிப்போனார். கையெழுத்து இல்லையென்றால், தலைமையகத்தைப் பொறுத்தவரை கூட்டமே நடக்கவில்லை. முப்பத்தொன்பது பிரியாணி மட்டும் தானாகவே தீர்ந்திருக்கிறது.

"அக்கா, எல்லா விவரமும் வெப்சைட்ல இருக்கு."

"என் தோசைக்கல் எத்தனாவது பக்கம்மா?"

யமுனா மடிக்கணினியில் தேடினார். அரைமணி கழித்து, பின்னிணைப்பு பதினொன்றில் அகப்பட்டது: 'தற்காலிக அமைப்பு, எண் நான்கு.'

"ஒன்பது வருஷமா அங்கதான் நிக்குறேன். தற்காலிகமா?"

"மேப் இருக்குக்கா. ஆனா மேல கேக்காம காட்ட முடியாது."

"கேளுங்க. அதுவரைக்கும் நாங்க இன்னொரு தட்டு சாப்பிடுறோம்."

மூன்று தொலைபேசி அழைப்புகளுக்குப் பிறகு வரைபடம் திரையில் வந்தது. லோங்காங்கின் புதிய கரையைக் காட்டும் சிவப்புக் கோடு, அக்காவின் தோசைக்கல்லுக்கும் சட்னி மேசைக்கும் நடுவே போனது.

"சட்னி தப்பிச்சிருச்சுலா!" என்றார் ஒருவர். மண்டபம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. திரையருகே போய், சிப்பைப் பார்ப்பது போலக் கோட்டை உற்றுப் பார்த்தார். பிறகு வந்து பேனாவை எடுத்தார். கையெழுத்துக்குப் பக்கத்தில், 'பார்த்தேன். ஒத்துக்கொள்ளவில்லை' என்று எழுதினார்.

அடுத்தவரும் அதையே எழுதினார். அதற்கடுத்தவரும். கடையே இல்லாதவர்களும் எழுதினார்கள். கடைசி ஆள் மட்டும் நேர்மையாக, 'சாப்பிட்டேன்' என்றும் சேர்த்தார்.

கூட்டப் பதிவை உள்ளது உள்ளபடி வெளியிட வேண்டும் என்பது வங்கியின் விதி. பட்டியல் அப்படியே இணையத்தில் ஏறியது. முப்பத்தொன்பது பேர் எதை ஒத்துக்கொள்ளவில்லை என்று தலைமையகம் கேட்க, ஒரு பொறியாளர் அளவு நாடாவோடு வந்தார். இரண்டு நாள் அக்கா கடையில் பசியாறிவிட்டு, இரண்டு நாளும் கரையை அளந்தார்.

அவர் அளவுப்படி, இப்போது கடையை விட்டுவிட்டு எதிர்க்கரையைத்தான் வெட்டப் போகிறார்கள். அங்கே அய்யாக்கண்ணு தன் காடியை, அதாவது காரை, நிறுத்தும் இடம் போகிறது. ஒரு வாரம் அவர் வேறு கடைக்குப் பசியாறப் போனார். எட்டாம் நாள் வந்து உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், "ரெண்டு தோசை. ஒண்ணு முட்டை" என்றார்.

அக்கா கல்லில் மாவை ஊற்றினார்.